ஓடில்லாத நத்தையும் ஓடுள்ள புழுவும்

அன்புள்ள ஐயா,

மழை விட்ட இரவில் எங்கள் குளியலறையில் கறுப்பாக, வழவழவென்று ஒன்று ஊர்ந்தது. மகள் அட்டை என்றாள். மாமியார் ஓடு கழன்ற நத்தை என்றார். உப்பைத் தூவியதும் சுருண்டு செத்தது. அட்டையும் உப்புக்கு இப்படித்தான் சுருளும். பிறகு ஏன் பள்ளிப் புத்தகம் நத்தையை மெல்லுடலி என்றும் அட்டையை வளைதசைப் புழு என்றும் பிரிக்கிறது?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னதில் பாதி சரி. நீங்கள் பார்த்தது அநேகமாக நத்தை இனம்தான். ஆனால் ஓடு கழன்றதல்ல, முட்டையிலிருந்து வரும்போதே ஓடில்லாதது. ஓடுள்ள நத்தை அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவே முடியாது. தசையால் உடம்போடு ஒட்டியிருக்கிறது.

அடுத்த முறை தலையைப் பாருங்கள். இரண்டு ஜோடி கொம்பும் மேல் கொம்பின் நுனியில் கண்ணும் இருந்தால் நத்தை. அட்டைக்குக் கொம்பு கிடையாது. இரண்டு முனையிலும் உறிஞ்சி உண்டு. ஒன்றை ஊன்றி மற்றதை எடுத்து வைத்து நடக்கும். நத்தையைக் கண்ணாடியில் ஏறவிட்டு மறுபக்கமிருந்து பார்த்தால் பாதத்தின் தசை அலையலையாக நகர்வது தெரியும்.

உப்பை வைத்து உறவைச் சொல்ல முடியாது. ஈரத் தோல் எதுவானாலும் உப்பு அதிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும்.

புத்தகம் பார்ப்பது உடலமைப்பை. அட்டையைப் போலவே வளைதசைப் புழுவான மண்புழுவின் உடல் கண்டம் கண்டமாகப் பிரிந்தது. பெரும்பாலான கண்டங்களில் குறுக்குச்சுவர், நரம்பு முடிச்சு, வெளியே நுண்ணிய முள்மயிர் என்று அதே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். சொரசொரப்பான தாளில் மண்புழுவை விட்டுக் காதைக் கிட்டே வைத்தால் அந்த மயிர்கள் உரசும் சரசரப்பு கேட்கும். அட்டைக்கு மயிர் இல்லை, கண்டம் உண்டு. ஆனால் வெளியே எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்: மாட்டட்டைக்குக் கண்டம் 33தான், நடு உடம்பில் ஒவ்வொன்றின் மேலும் 5 வளையம்.

நத்தைக்கு இந்தப் பிரிவே இல்லை. தலை, பாதம், உள்ளுறுப்பு மூட்டை, அதைப் போர்த்திய மேன்டில், அவ்வளவுதான். ஓட்டைச் சுரப்பதும் மேன்டில்தான். ஆனாலும் இரண்டு கூட்டமும் முற்றிலும் அந்நியமல்ல. கடலில் வாழும் பல மெல்லுடலிகளுக்கும் வளைதசைப் புழுக்களுக்கும் இளம் லார்வா ஒரே மாதிரி, பம்பரம் போல, இடுப்பைச் சுற்றி நுண்மயிர்களோடு நீந்தும்.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: மரக்கலங்களைத் துளைத்து நாசம் செய்யும் கப்பல் புழு, புழுவே அல்ல. சிப்பி இனம். நீண்ட உடம்பின் முன்முனையில் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தை அரைத்துக்கொண்டே உள்ளே போகும். இதைப் பார்த்துத்தான் பொறியாளர் மார்க் புரூனலுக்குச் சுரங்கக் கேடயம், அதாவது மண் சரியாமல் தாங்கிக்கொண்டே சுரங்கம் தோண்ட உதவும் சட்டகம், தோன்றியது என்பார்கள். 1818-இல் காப்புரிமை வாங்கினார். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் அந்த முறையில் தோண்டிய சுரங்கம் 1843-இல் திறந்தது. இன்றும் அதில் ரயில் ஓடுகிறது.