ஓவர் கணக்குத் தெரிந்தவனுக்குப் பின்னம் வராதா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. கிரிக்கெட் என்றால் உயிர். யார் எத்தனை ரன் எடுத்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் பின்னமும் தசமமும் அவனுக்கு எட்டிக்காயாகக் கசக்கின்றன. கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே கண் கலங்கிவிடுகிறான். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு விடைத்தாள் நினைவுக்கு வந்தது, அம்மா. நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலம். ஒரு பையன் 4.3 + 2.4 = 7.1 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டு, "6.7 தானே வரும்?" என்று கேட்டேன். "ஓவர் கணக்கு, டீச்சர்" என்றான். ஓர் ஓவருக்கு ஆறு பந்து. நான்கு ஓவர் மூன்று பந்து என்றால் 27 பந்து. இரண்டு ஓவர் நான்கு பந்து என்றால் 16. மொத்தம் 43 பந்து, அதாவது ஏழு ஓவர் ஒரு பந்து. குழந்தை துல்லியமாகத்தான் போட்டிருந்தான். ஸ்கோர் பலகையில் அந்தப் புள்ளிக்கு வேறு பொருள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

உங்கள் மகனிடமும் அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்குங்கள். 4.3 ஓவரில் 36 ரன். ரன் ரேட், அதாவது ஓர் ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன்? 36ஐ 4.3ஆல் வகுத்தால் 8.37 வரும். திரையிலோ 8 என்று இருக்கும். காரணத்தை அவனே தேடட்டும், அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். மூன்று பந்து என்பது 3/6, அதாவது அரை ஓவர், ஆகவே 4.5ஆல் வகுக்க வேண்டும் என்று அவன் கண்டுபிடிக்கும் அன்று பின்னமும் தசமமும் சேர்ந்தே வசப்படும்.

சராசரிக்கு ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் டான் பிராட்மேனைக் கூப்பிடுங்கள். 1948இல் ஓவல் மைதானத்தில் தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் அவர் பூஜ்யத்துக்கு அவுட். நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறு. மொத்தம் 6,996 ரன். 80 இன்னிங்ஸில் 10 முறை நாட் அவுட். 80ஆல் வகுக்காமல் ஏன் 70ஆல் வகுத்து 99.94 என்கிறார்கள்? இதற்கு உங்கள் மகன் அரை மணி நேரம் வாதாடுவான். வாதாடட்டும், அதுவும் கணக்குதான்.

ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது மட்டும் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். அது அவனுடைய நேரம்.

அவனும் நண்பர்களும் ஆடும் ஆட்டங்களுக்கு ஒரு நோட்டுப் போட்டுக்கொடுங்கள். எத்தனை பந்து, எத்தனை ரன் என்று மட்டும் எழுதட்டும். நூறு பந்துக்கு எத்தனை ரன் என்று சொல்லும் தன் ஸ்ட்ரைக் ரேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவனாக வந்து கேட்கும்வரை பொறுத்திருங்கள்.