திரட்டத் தொடங்கும் முன், தேவை என்னவென்று கேளுங்கள்

கேள்வி: நாங்கள் ஒரே குடியிருப்பில் வசிக்கும் பதினைந்து குடும்பங்கள். வீடில்லாதவர்களுக்கும் கைவிடப்பட்ட முதியவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. போன வருடம் வீடு வீடாகப் பழைய துணியும் பாத்திரமும் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அவர்கள் முகத்தில் பெரிய மகிழ்ச்சி தெரியவில்லை. இந்த முறை பணமாகத் திரட்டலாம், சிலர் நேரில் போய் வேலையும் செய்யலாம் என்று நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? பணத்தை யார் கையில் வைத்திருப்பது? பிள்ளைகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: அந்த மகிழ்ச்சி ஏன் தெரியவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மூட்டைகள் அங்கே போய் இறங்கிய பிறகு என்ன நடந்திருக்கும்? யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்திருப்பார். கிழிந்ததைத் தனியே எடுத்து, அழுக்கானதைத் துவைத்து, அங்கிருப்பவர்களுக்கு அளவு சேராததை அடுக்கி வைக்க இடம் தேடியிருப்பார். கடைசியில் உதவாததைக் குப்பைக்கு அனுப்ப வண்டிக்கும் செலவு செய்திருப்பார்கள். பத்துப் பேர் செய்யவேண்டிய வேலையை மூன்று பேர் செய்யும் இடத்தில் இது ஒரு முழு நாளைத் தின்றுவிடும். வேண்டாம் என்று சொன்னால் உங்கள் மனம் நோகுமே என்று பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய அளவிலும் இதுவேதான் நடக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு கரையோர ஊர்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. பல இடங்களில் அது யாரும் எடுக்காமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. அனுப்பியவர்களின் மனதில் குறை இல்லை. அங்கே என்ன தேவை என்று அனுப்பும் முன் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்காகப் பொருளாகவே கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. புதிய உள்ளாடை, சோப்பு, போர்வை, முதியவர்களுக்கான டயப்பர் போன்றவை எந்தத் தங்குமிடத்திலும் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆனால் பட்டியலை அவர்கள் தரட்டும், அளவோடும் எண்ணிக்கையோடும் தரட்டும். அதற்கு வெளியே ஒன்றும் சேர்க்காதீர்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை, வசூலுக்கு முன்னால் இரண்டு பேர் அந்த நிறுவனத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பேசுவது. தலைவரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இரவில் காவல் இருப்பவர், சமையலைப் பார்ப்பவர், கணக்கு எழுதுபவர் என்று எல்லோரிடமும் பேசுங்கள். என் அனுபவத்தில் மிகவும் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு: “எந்தச் செலவுக்கு யாரும் பணம் தருவதில்லை?” பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். வாடகை, மின்கட்டணம், இரவுக் காவலர் சம்பளம், மருத்துவமனைக்குப் போகும் வண்டிச் செலவு. கட்டில் வாங்கித் தர ஆள் வருவார்கள், அதில் பெயர் எழுதலாம். மின்கட்டண ரசீதில் யார் பெயரையும் எழுத முடியாது.

உங்கள் பதினைந்து குடும்பங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “நாம் கொடுக்கும் பணம் சம்பளத்துக்கா போகும்?” ஆமாம், போகலாம், போகவும் வேண்டும். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடுவதை நான் ஏற்பதில்லை. இரவில் விழித்திருக்க ஆள் இல்லாத முதியோர் தங்குமிடத்தில் நிர்வாகச் செலவு குறைவாகத்தான் இருக்கும். அங்கே நடுராத்திரியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் காலையில்தான் தெரியவரும்.

அதே சந்திப்பில் சில காகிதங்களையும் கேட்டுப் பாருங்கள். பதிவுச் சான்று, கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகக் குழுவில் யார் யார் என்ற விவரம், நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கு எண். ஒழுங்காக நடக்கும் நிறுவனம் இதைக் கேட்டால் கோபப்படாது. யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அவர்களுக்காக நீங்கள் பணம் திரட்ட ஒப்புதல் தந்திருப்பதாக ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். குடியிருப்பைத் தாண்டித் தெருவில் உண்டியலோடு நிற்பதானால் அதற்கு முன் அனுமதி வாங்கவேண்டிய இடங்கள் உண்டு. உங்கள் பகுதியின் விதி என்ன என்று முன்பே விசாரியுங்கள். வரிச்சலுகை கிடைக்கும் என்று நீங்களாக யாருக்கும் சொல்லாதீர்கள். அந்த ரசீதைத் தரும் தகுதி நிறுவனத்துக்கு இருந்தால் அவர்கள் தருவார்கள்.

அடுத்தது இலக்கு. ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். “ஏழைகளுக்கு உதவ” என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் பிடிபடாது. “இரவுக் காவலரின் ஆறு மாதச் சம்பளம்” என்றால் கேட்பவருக்கு உடனே புரியும், முடிந்ததா இல்லையா என்றும் பிறகு தெரியும். ஒரு காரியத்துக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை அந்தக் காரியத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும். அதனால் இலக்கைத் தாண்டிப் பணம் வந்தால் மீதி எங்கே போகும், போதாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று வேண்டுகோளிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். “கூடுதலாக வந்தால் தங்குமிடத்தின் அன்றாடச் செலவுக்கு” என்றால் போதும். இந்த ஒரு வரி இல்லாததால் நல்ல நண்பர்களுக்குள் மனக்கசப்பு வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி, யார் கையில் பணம் என்ற உங்கள் கேள்வி. யார் கையிலும் வேண்டாம். முடிந்தவரை எல்லோரும் நேராக நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பட்டும். கியூஆர் கோடைக் குழுவில் பகிர்வதற்கு முன் ஒருவர் சிறு தொகை அனுப்பி, நிறுவனத்தின் பெயர்தான் வருகிறதா, அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கட்டும். படங்கள் கைமாறிக் கைமாறிப் போகும்போது நடுவில் யாராவது தங்கள் கோடை நுழைத்துவிடுவதும் நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்தான் அதைப் பதிவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தாளாகத்தான் தருவேன் என்பவர்கள் இருப்பார்கள், குறிப்பாகப் பெரியவர்கள். அதற்கு ஒழுங்கு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வசூலுக்குப் போகும் இருவர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும், கெட்டுப்போன ரசீதையும் கிழித்து எறியாமல் அதிலேயே வைத்திருங்கள். உண்டியல் என்றால் முத்திரை வைத்து மூடி, இருவர் முன்னிலையில் திறந்து, இருவரும் தனித்தனியே எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, வங்கியில் கட்டுங்கள். அப்புறம் இன்னொன்று, பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். வசூலான பணத்திலிருந்து அச்சுக்கூலி, ஆட்டோச் செலவு என்று எதையும் எடுக்காதீர்கள். வந்தது முழுவதும் அப்படியே கணக்கில் ஏறட்டும். செலவுக்குத் தனியாக ஒரு சிறு தொகையை உங்களுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தனி பில். நம் ஆட்கள்தானே, இவ்வளவு எதற்கு என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு சந்தேகத்தைக் கிளப்பினால், அந்தத் தாளில் இருக்கும் இரண்டு கையெழுத்துதான் உங்கள் நண்பரைக் காப்பாற்றும்.

கேட்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் பாதி வேலை இருக்கிறது. வாட்ஸாப் குழுவில் போடும் பொதுச் செய்தியை எல்லோரும் பார்ப்பார்கள், வேறு யாரோ கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நேரில் பெயர் சொல்லிக் கேட்டால் நடப்பது வேறு. அமெரிக்காவில் ஒரு பல்பொருள் அங்காடியின் வாசல்களில் உண்டியலோடு ஆட்களை நிறுத்திச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. சும்மா மணி அடித்துக்கொண்டு நின்றபோது கிடைத்ததைவிட, வாய்விட்டுக் கேட்டபோது கொடுத்தவர்களும் கூடினார்கள், தொகையும் கூடியது. ஆனால் அப்படிக் கேட்ட நேரங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் அந்த வாசலைத் தவிர்த்து வேறு வழியாகப் போனார்கள். இரண்டு பக்கத்தையும் மனதில் வையுங்கள். தயங்காமல் கேளுங்கள். மறுக்க விரும்புகிறவருக்கு எளிதாக மறுக்கவும் இடம் கொடுங்கள். பக்கத்து வீட்டார் கொடுத்த தொகை எழுதிய நோட்டை நீட்டிக் கேட்பது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம். அடுத்த மாத வாடகைக்கே திணறும் குடும்பம் உங்கள் பதினைந்திலும் இருக்கலாம்.

வேண்டுகோளில் என்ன எழுதுவது? 2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். பசியில் வாடும் ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியில் இருப்பதாகப் புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14 டாலர். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43 டாலர்தான். எண்கள் சேர்ந்ததும் மனம் பின்வாங்கிவிட்டது. ஆகவே ஒருவரின் நிலையைச் சொல்லுங்கள். ஆனால் இதில் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. தங்குமிடத்தை நம்பி இருக்கும் ஒருவரிடம் “உங்கள் கதையை எழுதலாமா” என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு உண்மையில் இருக்கிறதா? முகம், பெயர், ஊர் எதுவும் வேண்டாம். எழுதியதை அவர் முன்னால் படித்துக் காட்ட உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அதை அனுப்பாதீர்கள். பெரியவர்களைக் கண்ணீரும் கையேந்தலுமாகக் காட்டித் திரட்டிய பணம் எத்தனை வந்தாலும் எனக்கு உறுத்தும்.

உங்களில் யாராவது பெரிய தொகை தர நினைத்தால் அதை ஈட்டுத்தொகையாகத் தரச் சொல்லுங்கள், அதாவது மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்களோ அதே அளவு அவரும் போடுவார். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி அறிவித்ததும் கொடுத்தவர்களின் விகிதம் 22 சதவீதம் உயர்ந்தது. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று கூட்டியதால் கூடுதல் பலன் இல்லை. ஒன்றுக்கு ஒன்று போதும். அறிவிப்பு உண்மையாக மட்டும் இருக்கவேண்டும். எப்படியும் முழுத் தொகையையும் தரப்போகிறவரை வைத்து “நீங்கள் கொடுத்தால்தான் அவர் கொடுப்பார்” என்று எழுதுவது பொய்.

கலை நிகழ்ச்சி, ஓட்டப்பந்தயம் எல்லாம் முதல் வருடம் வேண்டாம். மேடைக்கும் மைக்குக்கும் செலவழித்துக் களைத்துப்போய், கையில் மிஞ்சியது சொற்பம் என்று முடிந்த நிகழ்ச்சிகள் ஏராளம். அதற்குப் பதில் பதினைந்தில் எட்டுக் குடும்பங்களாவது மாதந்தோறும் ஒரு சிறு தொகை தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்தால், அந்த நிறுவனத்தால் அடுத்த மாதத்தைத் திட்டமிட முடியும். அவர்கள் இதற்குத்தான் ஏங்குகிறார்கள்.

கொடுத்தவர்களுக்கு இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லுங்கள், ஒரு மாதத்துக்குள் கணக்கை எல்லோர் முன்பும் வையுங்கள். நியூயார்க் சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாதபோது, 1885-இல் ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில் வேண்டுகோள் விடுத்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கொடுத்தவர்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகம், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தந்தவர்கள். தொகை எவ்வளவு சிறியதானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக அவர் சொல்லியிருந்தார். நீங்களும் சம்மதம் கேட்டுப் பெயர்களைப் போடலாம். தொகையைப் போடவேண்டாம், எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

நேரில் போய் வேலை செய்வது பற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் போவதைவிட, வாரா வாரம் ஒரே நாளில் ஒரே இரண்டு பேர் போவது எவ்வளவோ மேல். புதிய ஆள் ஒவ்வொருவருக்கும் இடத்தைக் காட்டி வேலையைச் சொல்லித்தர அங்கே ஒருவர் தன் வேலையை விட்டு வரவேண்டும். தங்கியிருப்பவர்களுக்கும் தெரிந்த முகம் வந்தால்தான் பேச்சு வரும். உணவு பரிமாற எல்லோரும் கை தூக்குவார்கள். அடையாள அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் நிரப்புவது, மருத்துவமனை வரிசையில் கூட உட்காருவது, கணக்கைக் கணினியில் ஏற்றுவது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது, இவற்றுக்கு ஆள் கிடைப்பதில்லை. உங்களில் மின்வேலை தெரிந்தவரும் கணக்காளரும் இருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். வர முடியாத வாரம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், உங்களை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இருப்பார். பின்னணி விசாரிப்பு, அடையாளச் சான்று கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், பலவீனமானவர்கள் தங்கும் இடத்தில் அது கட்டாயம் இருக்கவேண்டிய ஒழுங்கு. தனியாக யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். “உங்களுக்கு வீடு பார்த்துத் தருகிறேன்” போன்ற வாக்கும் வேண்டாம். எப்படி இங்கே வந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? எந்த வயதிலிருந்து அனுமதி என்று நிறுவனத்திடம் கேட்டுவிட்டு, செய்ய ஒரு வேலை இருந்தால் மட்டும் அழைத்துப் போங்கள். அவர்களோடு ஒரு பெரியவர் எப்போதும் இருக்கட்டும். “நீ எவ்வளவு கொடுத்துவைத்தவன் பார்” என்று காட்டுவதற்காக வேண்டாம், அந்த வார்த்தை அங்கே படுத்திருப்பவர் காதிலும் விழும். கைபேசியில் படம் எடுப்பதில்லை என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாத வயது என்றால், கொடுத்தவர்களுக்குப் போகவேண்டிய நன்றி அட்டைகளை அவர்கள் வீட்டிலேயே எழுதலாம்.