தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பம்தானே, உப்புத் தண்ணீரில் மிளகாய் மட்டும் ஏன் கருகுகிறது?

சொந்தக்காரச் செடிகள் என்பதால் உப்பையும் ஒரே மாதிரி தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பாகான் டத்தோ பக்கம், கடலோரத் தோட்டத்து ஊர். மழை குறைந்தால் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி, பாரிட் (வாய்க்கால்) தண்ணீரும் கரிக்க ஆரம்பிக்கும். நீங்கள் சொல்வது இங்கே கொல்லையில் பாத்தி போட்டவர்கள் எல்லாரும் பார்த்ததுதான்.

உப்பு இரண்டு விதமாகத் தாக்கும். மண்ணில் தண்ணீர் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாமல் போவது முதல் அடி. அடுத்தது, உள்ளே நுழைந்த உப்பு இலையில் சேர்வது. மிளகாயைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: அடி இலைகளின் நுனியும் ஓரமும்தான் முதலில் பழுப்பாகித் தீய்ந்துபோகும், குருத்து பச்சையாகவே இருக்கும். வயதான இலை அதிக நாள் தண்ணீரை ஆவியாக்கியிருக்கிறது, அதனால் அதில்தான் உப்பும் அதிகம் தங்கியிருக்கும்.

சரி, எது எவ்வளவு தாங்கும்? ஈரமண் சாற்றில் உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகக் கடக்கும்; அந்த மின்கடத்துதிறனை மீட்டருக்கு இத்தனை டெசிசீமென்ஸ் என்று அளப்பார்கள். விளைச்சல் குறையத் தொடங்கும் அளவு தக்காளிக்கு 2.5, மிளகாய்க்கு 1.5, கத்தரிக்கு 1.1. இதை மட்டும் வைத்து கத்தரிதான் நோஞ்சான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த அளவைத் தாண்டியபின் ஒவ்வொரு டெசிசீமென்ஸுக்கும் தக்காளி சுமார் 10 விழுக்காடு இழக்கிறது, மிளகாய் 14, கத்தரி 7தான். அளவு 4-ஐத் தொடும்போது தக்காளியில் 15, கத்தரியில் 20, மிளகாயில் 35 விழுக்காடு போய்விடும். கத்தரி முதலில் முனகும், ஆனால் சீக்கிரம் படுத்துவிடாது.

அவரைக் குடும்பத்தில் இடைவெளி இன்னும் பெரிது. பீன்ஸ் 1-லேயே சரியத் தொடங்கி, 4-இல் பாதிக்கு மேல் இழந்துவிடும். பயத்தங்காய் தட்டைப்பயறு இனம். தட்டைப்பயறு கிட்டத்தட்ட 5 வரை அசையாது. இங்கே கொல்லைப் பந்தலில் பயத்தங்காய் படர்வதில் ஆச்சரியமே இல்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சில நேரங்களில் மிகச் சின்னது. வேரிலிருந்து மேலே போகும் சாற்றில் கலந்த சோடியத்தைப் பாதியிலேயே பிடித்து இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் சில பயிர்களில் உண்டு. சப்பாத்தி, ரொட்டிக்கான சாதாரணக் கோதுமையில் இது நன்றாக வேலை செய்கிறது. பாஸ்தாவுக்கான டியூரம் கோதுமையில் அந்தப் புரதத்துக்கான மரபணு இல்லை. பழைய கோதுமை உறவு ஒன்றின் மரபணுவை இனக்கலப்பு மூலம் டியூரத்தில் சேர்த்தபோது, உப்பு நிலத்தில் விளைச்சல் 25 விழுக்காடு கூடியதாக 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

அப்புறம், தண்ணீரை மட்டும் குறை சொல்லாதீர்கள். கோழி எருவையும் ரசாயன உரத்தையும் அள்ளிக் கொட்டினாலும் இதே கருகல்தான் வரும், அதுவும் உப்புதான். பாத்தியில் பயத்தங்காய், கத்தரி, தக்காளி போடுங்கள். மிளகாயைத் தொட்டிக்கு மாற்றி, கூரையில் பிடித்த மழைத்தண்ணீரை அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை ஊற்றுங்கள். அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வடிந்த உப்பை மண் திரும்பவும் உறிஞ்சிக்கொள்ளும்.