புதிய லாரி டிரைவர் ட்ரெய்லருக்குப் போவதா, டேங்கருக்கா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் ஹெவி லைசென்ஸ் எடுத்த கையோடு பலரும் கேட்பது இது. திறந்த ட்ரெய்லர் என்பது பக்கச் சுவர் இல்லாத தட்டையான தளம். இரும்புச் சுருள், கம்பி, இயந்திரம் எல்லாம் அதில் ஏறும். டேங்கரில் திரவம்: பெட்ரோல், கேஸ், பால்.

சரக்கு நகருமா என்பதில்தான் வித்தியாசம். ட்ரெய்லரில் நகரவே கூடாது. அதனால் பாதி வேலை ஓட்டுவதில் இல்லை, கட்டுவதில். கொஞ்ச தூரம் போனதும் ஓரங்கட்டி, சங்கிலியைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும், மழையானாலும் சரி. சுருள் தளர்ந்திருந்தால் சடன் பிரேக்கில் கேபினை நோக்கித்தான் உருளும்.

டேங்கரில் கட்ட ஒன்றுமில்லை; ஆனால் சரக்கு அலைந்துகொண்டே இருக்கும். மொபெட்டில் அரைக்குடம் தண்ணீர் வைத்து ஓட்டியவர்களுக்குத் தெரியும்: பிரேக் பிடித்த பிறகும் தண்ணீர் முன்னால் ஒரு தள்ளு தள்ளும். டேங்கருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் முன்பின் அலையைக் குறைக்கும். வளைவில் பக்கவாட்டு அலைக்கு அவை அவ்வளவாக உதவாது. பெட்ரோல், கேஸ் ஓட்ட 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் தனியாகப் பதியவும் வேண்டும்.

உடம்பு ஒத்துழைத்தால் முதலில் ட்ரெய்லர் என்பேன். கட்டுவதில் தவறினால் நிறுத்திச் சரிசெய்யலாம். வளைவில் வேகம் தவறினால் டேங்கர் அந்த வாய்ப்பைத் தராது.

அப்புறம், பாதி காலியான டேங்கர் லேசு, அதனால் ஓட்டச் சுலபம் என்பார்கள். அப்படியில்லை, நிறைந்த டேங்கரைவிட அதில்தான் அலை அதிகம்.