கேளுங்கள்: இடப்பக்க மெனு

கேள்வி: எங்கள் ஸ்டாக் கணக்கு வெப் ஆப்பில் இடப்பக்க மெனுவைச் சுருக்கி ஐகான் மட்டும் வைத்தோம். ஊழியர்கள் தடுமாறுகிறார்கள். பழைய லேப்டாப்பில் ‘வெளியேறு’ பட்டனே தெரியவில்லை. ஏன்?

பதில்: வீடு, பூதக்கண்ணாடி போன்ற சிலவற்றைத் தவிர ஐகான்கள் தாமாகப் புரிவதில்லை. கொள்முதலுக்கும் விற்பனைக்கும் ஒரே வண்டிப் படம் போட்டால் யார்தான் குழம்ப மாட்டார்? மவுஸ் வைத்தால் பெயர் தெரியுமே என்பீர்கள். டேப்லெட்டில் மவுஸ் ஏது? சுமார் 240 பிக்சல் அகலத்தில் பெயரோடு காட்டுங்கள். சுருக்கும் வசதி இருக்கட்டும், ஆனால் பயனர் கடைசியாக வைத்த நிலையை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசருக்குள்ளேயே உள்ள சேமிப்பிடம்) சேமியுங்கள். நீளமான தமிழ்ப் பெயர்களைப் புள்ளி வைத்து வெட்டாமல் இரண்டு வரியாக மடியவிடுங்கள். வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.5 மடங்கு இருந்தால் கொம்பும் சுழியும் வெட்டுப்படாது.

‘வெளியேறு’ மறைவது வெறும் கணக்கு. 768 பிக்சல் உயரத் திரையில் பிரவுசர் பட்டைகள் போக ஏறத்தாழ 650தான் மிஞ்சும். 44 பிக்சல் வீதம் 16 மெனு வரிகள் என்றால் 704. மெனுவை ‘ஃபிக்ஸ்டு’ என நிறுத்தியிருந்தால் பக்கத்தை உருட்டினாலும் அது நகராது. நடுப்பட்டியலுக்கு மட்டும் ‘ஓவர்ஃப்ளோ-ஒய்: ஆட்டோ’ (இடம் போதாதபோது அந்தப் பகுதியை மட்டும் உருட்ட விடும் சிஎஸ்எஸ் கட்டளை) கொடுத்து, ‘வெளியேறு’ வரியை அதற்கு வெளியே அடியில் நிறுத்துங்கள். பிரவுசரை 200 சதவீதம் பெரிதாக்கியும் ஒருமுறை பாருங்கள்.