ஸ்பிரிங் மிக்ஸ் டப்பாவை வைத்து என்ன சமைப்பது? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, டப்பாவில் வரும் ஸ்பிரிங் மிக்ஸை, அதாவது இளம் சாலட் இலைக் கலவையை, கீரைப் பொரியல் மாதிரி வதக்கினேன். ஒரே தண்ணீர், கொழகொழப்பு. ஏன்?

பதில்: அதில் பெரும்பாலும் லெட்டூஸ்தான், லெட்டூஸில் 95 சதவீதம் தண்ணீர், சூடு பட்டதும் அவ்வளவும் வெளியே வந்துவிடும். பொரியல்தான் வேண்டும் என்றால் பேபி பாலக் வாங்குங்கள். வாங்கியதைத் தீர்க்கணுமா? பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைத்த பிறகு இரண்டு கைப்பிடி இலையைப் போட்டுக் கிளறுங்கள், பருப்பின் சூடே போதும். அப்புறம் மூடி வைக்காதீர்கள்.

கேள்வி: பச்சையாகச் சாப்பிட்டால் கசக்கிறது, வீட்டுக்காரர் தொடவே மாட்டேன் என்கிறார்.

பதில்: கசப்புக்குக் காரணம் ராடிச்சியோ என்ற கருஞ்சிவப்பு இலையும் எண்டைவ் என்ற இலையும், மூக்கில் ஏறும் காரத்துக்கு அருகுலா என்ற இலை. பிரான்சின் நீஸ் நகரப் பக்கம் மெஸ்க்ளான் என்று விற்கும் பழைய கலவையிலேயே லெட்டூஸோடு அருகுலா, செர்வில் என்ற வாசனை இலை, எண்டைவ் எல்லாம் உண்டு. கசப்பை வேண்டுமென்றேதான் சேர்க்கிறார்கள். பாகற்காய் சாப்பிடுகிற நமக்கு இது ஒன்றுமே இல்லை, சொல்லுங்கள் அவரிடம்! 3 பங்கு எண்ணெய், 1 பங்கு எலுமிச்சைச் சாறு, உப்பு, துளி வெல்லம் சேர்த்து அடித்து, ஆரஞ்சுச் சுளையும் வறுத்த வேர்க்கடலையும் போடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசனை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும், எண்ணெய் இலைக்குள் இறங்கினால் பத்தே நிமிடத்தில் துவண்டுவிடும்.

கேள்வி: மூன்று முறை கழுவியது என்று போட்டிருக்கிறது. திரும்பக் கழுவணுமா?

பதில்: வேண்டாம். நம் சிங்க்கில் இருக்கும் கிருமி ஒட்டுவதுதான் மிச்சம். அப்படிப் போடாத இலையைக் கட்டாயம் கழுவி, நன்றாக ஈரம் போக உலர்த்துங்கள். ஈர இலையில் டிரெஸ்ஸிங், அதாவது அந்த எண்ணெய்-எலுமிச்சைக் கலவை, ஒட்டாது.

கேள்வி: மூன்றே நாளில் அழுகிவிடுகிறதே!

பதில்: ஈரம்தான் காரணம். டப்பாவுக்குள் ஒரு பேப்பர் டவல் போட்டு, நனைந்தால் மாற்றுங்கள். வழவழப்பான இலையை உடனே பொறுக்கி எறியுங்கள்.

கேள்வி: அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: டாக்டரைக் கேட்காமல் திடீரென்று ஆரம்பிக்க வேண்டாம். இலையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். தினம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருந்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: சென்னையில் மாடித்தோட்டத்தில் வளருமா?

பதில்: டிசம்பர், ஜனவரியில் முயற்சி செய்யுங்கள். வெயில் காலத்தில் லெட்டூஸ் விதை சரியாக முளைக்காது, முளைத்தாலும் சீக்கிரம் பூத்துக் கசந்துவிடும். அப்போது கடுகு, வெந்தயம், பீட்ரூட் விதைகளை ஒரு தட்டில் நெருக்கமாகத் தூவி, விரல் நீளம் வந்ததும் கத்தரித்துக் கலந்துகொள்ளுங்கள். சமையல் கடுகே முளைக்கும், தனியாக விதை வாங்க வேண்டாம்.