கண்மாயில் குழி தோண்டியது யார்?

கேள்வி: தண்ணீர் வற்றியதும் எங்கள் கண்மாயின் கரையோரச் சேற்றில் தாம்பாளம் தாம்பாளமாக வட்டக் குழிகள் தெரிகின்றன. நண்டு என்கிறார் அப்பா, மீன் என்கிறார் மாமா. யார் சொல்வது சரி? மீன் என்றால் விராலும் இப்படித் தோண்டுமா?
- மானாமதுரை வாசகர்

பதில்: மாமா ஜெயித்துவிட்டார். ஜிலேபிக் கெண்டையின் வேலை அது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத கண்மாயைத் தேடத்தான் வேண்டும்.

தோண்டுவது ஆண். சேற்றை வாயால் கவ்விக் கவ்வி வெளியே துப்பியே குழியை முடித்துவிடும். அந்தச் சமயத்தில் உடம்பு கன்னங்கரேலென்று ஆகி, தொண்டை வெளுத்து, துடுப்போரம் சிவந்திருக்கும். பக்கத்துக் குழிக்காரனோடு ஓயாத எல்லைச் சண்டை வேறு. சண்டையில் மூத்திரத்தை விட்டு விட்டுப் பீய்ச்சும். 'நான் பெரியவன்' என்ற சேதி அந்த வாசனையில் போய்ச் சேர்ந்துவிடும். அசிங்கம்தான், ஆனால் பல அடிதடியை மிச்சப்படுத்துகிறது.

இவ்வளவு பாடுபட்டுத் தோண்டிய குழியில் குஞ்சு வளராது. பெண் வந்து முட்டையிடும், உடனே முட்டைகளை வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று வாரம் வாய்தான் தொட்டில். சாப்பாடு அநேகமாகக் கிடையாது. அந்த நேரத்தில் வலையில் சிக்கிய பெண்ணை எங்கள் பண்ணை வாளியில் போட்டால், பயத்தில் எல்லாவற்றையும் துப்பிவிடும். மஞ்சள் முட்டைகள் அடியில் உருண்டு கிடக்கும்.

அப்புறம், சண்டையில் தோற்ற பொடி ஆண்களின் கதை தனி. கறுப்பு நிறம் காட்டாமல், பெண்ணைப் போலவே வெளிறிய உடம்போடு, அதே சாயலில் நீந்திக் குழிக்குள் நுழையும். குழிக்காரன் ஏமாந்து அதையும் சுற்றிச் சுற்றி வருவான். முட்டை விழுகிற நேரம் பார்த்து இது விந்தைப் பாய்ச்சிவிட்டு ஒரே ஓட்டம்!

சில மாதத்திலேயே பருவத்துக்கு வந்து மீண்டும் மீண்டும் குஞ்சு பொரிப்பதால் குளம் முழுக்கப் பொடி மீனாகிவிடும். பண்ணைகளில் ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்கி விடுவது இதனால்தான்.

விரால் குழி தோண்டாது. பாசியை, செடியை விலக்கி இடம் பண்ணும், முட்டை மிதக்கும். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்துக்கு வந்து போனால் அடியில் பெரிய விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தின் நடுவே தூண்டிலை இழுத்தால் அது பாய்ந்து கடிக்கும். பசியில் அல்ல, ஆத்திரத்தில். அப்படிப் பிடிக்கிறவர்கள் உண்டு. காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான். என் குளத்தில் அதை அனுமதிப்பதில்லை.